மஸ்கடேக்கு ஏற்ற மீன்

தோல் பதனிடும் ஷாப் முதலாளி சௌகத் அலி அந்தப் பச்சைப் பாட்டிலை எட்ட நின்றே விரலால் காட்டினார்.

"துரையோட ஊர் ஒயினு. குடிக்கிறதுக்குப் பெர்மிட்டு அவர் ஒருத்தருக்குத்தான். நம்ம யாரும் ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது. ஆனா மத்தியானம் இதுக்குப் பொருத்தமா தொட்டுக்க வெஞ்சனம் வேணும். துரை ரசிச்சுச் சாப்பிட்டா, நான் கட்டப்போற விருந்தாளி பங்களாவுக்கு நீதான் சமையக்காரன். இல்லேன்னா பழையபடி பிரியாணிக் கடையில வெங்காயம் உரி."

பிரியாணிக் கடைக் கையாள் மரியசெல்வம் தலையாட்டினான். ஆட்டியபிறகுதான் யோசித்தான். குடித்துப் பார்க்காத ஒன்றுக்கு வெஞ்சனம் வைப்பது எப்படி? கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற வேலையல்லவா இது!

கையுறைக்கு ஆட்டுத்தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர் கில்பேர் துரை, டிராவலர்ஸ் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மாலை வகுப்பில் கற்ற இங்கிலீஷை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மரியசெல்வம் அவரிடம் போனான். துரை கையை வீசி வீசிச் சொன்னார். லுவார் என்கிற ஆறு கடலில் சேரும் இடம் அவர் ஊர். ஒயினுக்குப் பெயர் மஸ்கடே. அதோடு அங்கே கடல் சிப்பி தின்பார்கள், ஆற்று மீனை வெண்ணெயில் போட்டுத் தின்பார்கள். ஒயின் சில்லென்று இருக்க வேண்டும்.

சிப்பிக்குத் திண்டுக்கல்லில் எங்கே போவது? ஆனால் மீன் உண்டு. காலையில்தான் ஆத்தூர்ப் பக்கத்துக் குளத்து விரால் வந்திருந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பங்களாச் சமையற்கட்டுக்கு ஓடிப்போய்ச் சின்னச் சின்னத் தட்டுகளில் எலுமிச்சை, புளி, மாங்காய், தயிர், நெல்லிக்காய், உப்பு எல்லாம் வைத்து எடுத்து வந்தான். "துரை, ஒரு வாய் குடிங்க. இதில் எது மாதிரி இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க."

துரை வாய்விட்டுச் சிரித்தார். கார்க்கைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். புளியையும் தயிரையும் தள்ளினார். எலுமிச்சையைத் தொட்டார். கொஞ்சம் யோசித்து, உப்பில் விரல்நுனியை ஒற்றி அந்த எலுமிச்சை மேல் வைத்தார்.

அவ்வளவு போதும்! மரியசெல்வம் கார்க்கை இறுக்கி, பாட்டிலை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினான். அதே கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து ஒரு கல் உப்புப் போட்டான். குடிக்க முடியாத ஒயினுக்கு அதுதான் மாற்று. எதைச் சமைத்தாலும் இதோடு ருசி பார்த்துவிடலாம்.

முதல் மீன் துண்டிலேயே கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. மஞ்சள், மிளகாய்த்தூள், புளி எல்லாம் தானாக விழுந்தன. தின்று பார்த்து அந்தத் தண்ணீரைக் குடித்தான். நாக்கு எரிந்ததுதான் மிச்சம். எலுமிச்சை போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது துண்டைக் கல்லுப்பிலும் எலுமிச்சையிலும் மட்டும் கழுவினான். மசாலா அரைக்கிற பேச்சாயி மோவாயில் கை வைத்தாள்.

"ஏலே செல்வம், மஞ்சத்தூள் போடாத மீனா? இதை நாய்கூட மோந்து பாக்காதுலே."

"செத்த நேரம் பொறுக்கா."

ஒட்டன்சத்திரத்து வெண்ணெயில் சின்ன வெங்காயத்தைப் பொடியாய் அரிந்து போட்டு வதக்கினான். மீனை அதில் புரட்டி வேகவைத்து, ஒரு துண்டு தின்று தண்ணீரைக் குடித்தான். மீன் இனித்தது! பேச்சாயி வாயிலும் ஒரு துண்டு. அவள் குடித்தாள், விழித்தாள், இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து சௌகத் அலி வந்தார். பின்னால் ஓர் ஆள் பிரியாணிப் பானையைத் தூக்கிவந்தான்.

"முதல்ல இதை வை."

மரியசெல்வம் குறுக்கே வந்தான். "மொதலாளி, முதல்ல மீனு. ஒயினு முடிஞ்சப்புறம் பிரியாணி வைக்கலாமா?"

"என்னடா பேசுற? வந்த விருந்தாளிக்குப் பிரியாணி வைக்காம மீனை நீட்டினா நம்ம பேகம்பூர்ல என்னைக் கஞ்சப்பயன்னு சொல்ல மாட்டாங்களா?"

வாயால் சொன்னால் எடுபடாது. தம்ளரை நீட்டினான். "இது ஒயினு இல்ல மொதலாளி. வெறும் எலுமிச்சை, உப்பு, கிணத்துத் தண்ணி. மீனோட ஒரு வாய், பிரியாணியோட ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

முறைத்துக்கொண்டே மீனைத் தின்று குடித்தார். புருவம் ஏறியது. பிரியாணியில் ஒரு வாய் தின்று மறுபடி குடித்தார். தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, இப்ப வெறும் பச்சைத் தண்ணியாட்டமில்ல இருக்கு!"

"அந்த மசாலாவுக்கு முன்னாடி இது நிக்காது மொதலாளி. அந்த ஒயினும் அப்படித்தான்னு..." அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அப்படித்தான்னு நினைக்கிறேன்."

சௌகத் அலி பானையைத் தம் கையாலேயே மூடினார்.

கில்பேர் துரை முதல் வாய் மீனைத் தின்று, கிணற்றிலிருந்து ஏற்றிய சில்லென்ற ஒயினைக் குடித்துவிட்டு, தட்டைக் குனிந்து பார்த்தார். மரியசெல்வம் கதவோரமாக எட்டிப் பார்த்தான். துரை அடுத்த வாய் எடுத்தார், அதற்கடுத்ததும் எடுத்தார். கடைசியில் ரொட்டியால் தட்டிலிருந்த வெண்ணெயை வழித்துத் தின்றுவிட்டு, தம்ளரை அவன் பக்கம் உயர்த்தித் தம் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னார். மறுபடியும் மீன் கேட்டார்.

பிரியாணி இலை வந்தபோது பாட்டில் காலி. துரை சட்டைக்கையை மடித்துக்கொண்டு அதிலும் இறங்கிவிட்டார்.

சௌகத் அலி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். "பங்களாவுக்கு இன்னும் சுவரே எழும்பல. நாளைக்குக் கொத்தனார் வாரான். அடுப்பு எந்தப் பக்கம் வேணும்னு நீயே வந்து சொல்லு."

மரியசெல்வம் உள்ளே திரும்பிக் கத்தினான். "அக்கா, அடுப்பைக் கிழக்குப் பக்கம் வைக்கவா, தெக்கா வைக்கவா?"

"முதல்ல இந்த அடுப்பைப் பாருலே, வெண்ணெய் கருகுது!"