படகு கிளம்பாத மத்தியானம்

பக்கத்து வீட்டுக் குப்பம்மா வளர்மதியின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, நெற்றிப் பொட்டைச் சரி செய்தாள். பிறகு ஈரத் துண்டால் கண்ணுக்குக் கீழே ஒற்றினாள். ஒற்ற அங்கே ஒன்றுமில்லை. காலையிலிருந்து வளர்மதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"உள்ள போ. சிரிச்ச மொகமா இருக்கணும், இன்னா?" என்றாள் குப்பம்மா. சொன்ன கையோடு தன் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

கஞ்சிக் கிண்ணம் கையைச் சுட்டது. சூடு தெரிந்தது, அது தன் கை என்றுதான் தோன்றவில்லை. அவள் புருஷன் சிவசங்கர் செத்து அரை நாள்கூட ஆகவில்லை. விடியற்காலை ஏரியில் வலை எடுத்துவிட்டுக் கரைக்கு வந்தவன், தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வலைக் குவியலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். வாயுப் பிடிப்பு, ஒரு சோடா வாங்கிட்டு வா என்று கூட்டாளி வேணுவை அனுப்பியிருக்கிறான். வேணு சோடாவோடு ஓடி வந்தபோது சிவசங்கரின் சட்டை முழுக்க வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக் கிடந்ததாம். பொன்னேரி ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். ஒரு மனுஷன் போய்ச் சேர இவ்வளவுதானா? அவன் சோறு கொண்டு போன தூக்குச்சட்டி இன்னும் கழுவாமல் கொல்லையில் கிடக்கிறது.

இதில் பெரிய அக்கிரமம், நெஞ்சு நோயாளி அவன் இல்லை. உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் அவன் அம்மா குணசுந்தரிதான். போன வாரம்தான் சென்னையில் அவளுக்கு ரத்தக் குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அத்தனை நாளும் ஆஸ்பத்திரி நடையில் படுத்து, மாடிக்கும் கீழுக்கும் ஓடி, தூக்கமில்லாமல் திரிந்தவன் அவன். அங்கேயே ஒருநாள் மூச்சு வாங்கி மாடிப்படியில் உட்கார்ந்தான். வளர்மதி என்னவென்று கேட்டதற்கு, "எனக்கின்னா, மாடு மாதிரி கீறேன். அம்மாவப் பாரு" என்றான். கிளம்பும்போது டாக்டர், அம்மாவுக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் கொஞ்ச நாளைக்குக் காதில் விழக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மகராசன், மகனையும் ஒரு தடவை படுக்க வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

டாக்டரின் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சிவசங்கரின் சித்தப்பா கேசவன் காலையில் கரையில் நின்று ஊருக்கே சொன்னார். "அண்ணிக்குத் தெரியக் கூடாது. ஒரே நாள்ல ரெண்டு பாடைய என்னால தூக்க முடியாது. மொதல்ல இவன அடக்கம் பண்ணுவோம். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

ஊரும் கேட்டது. உடம்பை வீட்டுக்குக் கொண்டு வராமல் மீன் ஏலக் கொட்டகையில் வைத்தார்கள். பறை வேண்டாம், வெடி வேண்டாம், ஒப்பாரி கூடாது. சாவு விழுந்தால் அடுத்த குப்பத்துக்குக் கேட்கிற மாதிரி மாரடித்து அழுகிற பெண்கள், இன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். கோயில் ரேடியோவைக்கூட நிறுத்தியாயிற்று. வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடுவார்கள்.

"நீதாம்மா அண்ணி பக்கத்துல இருக்கணும். உன் மொகத்தப் பாத்துத்தான் அவங்க பொழைக்கணும்" என்று கேசவன் கையெடுத்துக் கும்பிட்டார். வளர்மதியின் தலை ஆடியது. அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது.

குணசுந்தரி ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் அந்தச் சின்ன மெஷின் மாட்டியிருந்தது. சிவசங்கர் சென்னையில் வாங்கியது. துணிக் கிளிப் மாதிரி விரலைக் கவ்விக்கொண்டு, நாடி எத்தனை என்று சிவப்பு எழுத்தில் காட்டும். காலையும் மாலையும் அவனே மாட்டிவிட்டு, படிக்கப் போகிற பிள்ளை மாதிரி எட்டிப் பார்ப்பான். "கைய ஆட்டாதம்மா. ஆட்டாம இருந்தாத்தான் நம்பர் வரும்."

டாக்டர் சொன்னதை எல்லாம் அவன்தான் வளர்மதிக்கு விளக்கினான். "பயந்தாலும் அழுதாலும் ஒடம்புல ஒரு நீர் ஊறி ரத்தத்துல கலக்குதாம். நெஞ்சு தடதடன்னு ஓடுதாம். ஓட ஓட அதுக்கே ரத்தம் ஜாஸ்தி வேணுமாம். கொழாய் அடச்சிருந்தா எங்கேர்ந்து வரும்? நம்ம போட்டு எஞ்சின்தான்டி. டீசல் டியூப்ல அழுக்கு இருக்கும்போது முறுக்கினா நின்னு போயிடும்ல?" அதற்காகத்தான் அம்மாவுக்கு நெஞ்சை ஓடவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார்கள்.

மெஷினில் அறுபத்தெட்டு. நல்ல நம்பர்தான், இன்னும் தெரியவில்லை என்று வளர்மதிக்கு மூச்சு வந்தது.

"கஞ்சி குடிங்க அத்த."

"சங்கரு எங்கடி?"

"காட்டுப்பள்ளில ஏதோ வேலை சொன்னாங்கன்னு போயிருக்காரு. வர லேட்டாவும்." கேசவன் சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்தது. குரல் நடுங்கவில்லை. புருஷன் செத்த அன்றைக்கு இப்படிப் பேச வருகிறதே, நான் என்ன ஜென்மம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

குணசுந்தரி இரண்டு வாய் குடித்தாள். கிண்ணத்தைத் தள்ளினாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"போட்டெல்லாம் ஏன் இன்னும் கிளம்பல?"

வளர்மதிக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் காதில் உறைத்தது. சாயங்கால வலைக்குப் படகுகள் இறங்குகிற நேரம். ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சின்கள் உறுமி, ஜன்னல் கம்பி அதிரும். இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. ஊரில் சாவு விழுந்தால் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பறையை நிறுத்தியவர்களுக்கு, ரேடியோவை நிறுத்தியவர்களுக்கு, நாலு படகையாவது சும்மா ஓட்டலாம் என்று தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவனுக்கு அந்த மரியாதை செய்யாமல் யார் எஞ்சினைத் தொடுவார்கள்?

"காத்து ஜாஸ்தியாம், அத்த."

"கொடியில துணி ஆடலயே."

வளர்மதி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"காலைல போன போட்டெல்லாம் ஒண்ணா திரும்பி வந்துச்சி. கேட்டுக்கினேதான் படுத்திருந்தேன்" என்றாள் குணசுந்தரி. "ஊர்ல சாவு. யாருன்னு யாராவது வந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. அப்ப நம்ம வீட்டுதுதான்."

அறுபத்தெட்டு அறுபத்தொன்பது ஆனது. அவ்வளவுதான். மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இந்த நம்பரை நம்பியா ஏமாந்தோம்!

"அப்பவே கேக்கறதுதான அத்த?"

"கேட்டா நீ சொல்லியாவணும். சொன்னா ஒடஞ்சி போயிடுவே. உனக்கு எதுனா ஆயிட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?"

குணசுந்தரி தன் விரலிலிருந்து மெஷினைக் கழற்றினாள். வளர்மதியின் கையை இழுத்து அவள் விரலில் மாட்டினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்று முப்பத்தொன்று. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தேழு.

"உன்னுதுதான்டி ஓடுது" என்றாள் குணசுந்தரி. குரல் அப்போதுதான் உடைந்தது. "பாவி, ஊருக்கெல்லாம் பாத்தான். தன் வெரலுக்கு ஒரு நாளாவது மாட்டிப் பாத்தானா?"

வளர்மதி இல்லை என்று தலையாட்டினாள். இந்தத் தடவை அவளேதான் ஆட்டினாள்.

கட்டிலைப் பிடித்து எழுந்த மாமியாரை அவள் தடுக்கவில்லை. வாசலில் குப்பம்மா "ஐயோ" என்று இரண்டு கையையும் நீட்டினாள். குணசுந்தரி அவள் தோளையும் ஊன்றிக்கொண்டு நடந்தாள். கொட்டகைக்குள் பாடையைக் கட்டி முடித்திருந்தார்கள். கேசவன் ஓடி வந்தார்.

"அண்ணி, வேணாம் அண்ணி. டாக்டர் சொன்னது..."

"தள்ளு கேசவா. பெத்தவ பாக்காம எங்க எடுத்துக்கினு போற?"

அவர் நகர்ந்தார். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். வாய் பொத்திய கைகளை எந்தப் பெண்ணும் இன்னும் எடுக்கவில்லை. சிவசங்கரின் முகத்தில் மஞ்சள் பூசியிருந்தது. நகக்கண்ணில் ஏரிச் சேறு போகவில்லை.

குணசுந்தரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து வளர்மதியிடம் கையை நீட்டினாள். வளர்மதி விரலிலிருந்த மெஷினைக் கழற்றிக் கொடுத்தாள். விறைத்த விரலைப் பிரித்து அதில் மாட்டிவிட்டு, அவன் எட்டிப் பார்ப்பது போலவே குனிந்து பார்த்தாள் குணசுந்தரி.

சிவப்பாக இரண்டு கோடுகள் வந்தன. வேறொன்றும் வரவில்லை.

"கைய ஆட்டாத நைனா" என்றாள். "ஆட்டாம இரு. நம்பர் வரும்."

வளர்மதி அவளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.