யாரும் தொடாத ரொட்வைலர்

"யாருமே தொடாத நாய்க்கு, நாங்க அதுட வீட்டாக்கள்னு எப்பிடி வாப்பா தெரியும்?"

ஹுன்னஸ்கிரிய வீட்டின் பின்வாசலில் நின்று இதைக் கேட்டபோது மின்ஹாவுக்கு ஆறு வயது. மஹ்ரூப் சிரித்தார். "கட்டிப்போட்ட நாய்க்கு அதெல்லாம் தேவயில்ல மகள்."

கராம்புக் களஞ்சியத்தில் இருமுறை திருட்டுப் போன பிறகு அந்த ரொட்வைலர் குட்டியைத் திகனையில் வாங்கியிருந்தார். ஜெர்மனியில் இறைச்சிக் கடைக்காரர்களின் மாடுகளை ஓட்டிப்போய், வண்டியும் இழுத்த நாய்களின் வம்சம் என்றார் விற்றவர். வீணாகக் குரைக்காது, முதலில் பார்க்கும். தன் வீட்டாரைக் காக்கும், அந்நியரை நம்பாது. எட்டு மாதத்தில் அது கன்றுக்குட்டிபோல் ஆகிவிட்டது. கரிய உடல், அகன்ற தலை, கால்களில் துருநிறம், கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டுகள். அது தூங்கும்போதும் அந்தப் பொட்டுகள் விழித்திருப்பதுபோல் இருக்கும்.

மார்க்கப்படி காவலுக்கு நாய் வைக்கலாம். எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அதனால் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டவர் களஞ்சியத்தில் வேலை செய்த தோட்டத்து மனிதர் செல்லச்சாமி மட்டும். அவர் மலைப்பாதையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் படுத்து இரண்டு மாதமாயிற்று. அன்றிலிருந்து சோற்றுத் தட்டை ஒரு மூங்கில் கழிதான் தள்ளியது.

நாய் உறுமத் தொடங்கியது. பிறகு சோறு மிஞ்சியது. தலையைத் தாழ்த்தியபடி, மின்ஹா போகும் பக்கமெல்லாம் பார்த்தது. களஞ்சியச் சுவரோரம் அது கட்டிக்கிடந்த மூலையிலிருந்து ஏதோ அழுகிய வாடை வந்தது.

"அதுக்குப் பைத்தியம் புடிச்சி ஈக்கிது. புள்ளட மேல பாய முந்தி ஏதாவது செய்ங்க" என்று மனைவி ரிப்கா ஜன்னல்களைச் சாத்தினாள்.

ஊசி போட்டு முடித்துவிட மிருக வைத்தியர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மஹ்ரூப், முற்றத்தில் சங்கிலி இழுபடும் சத்தத்தைக் கேட்டார். சுவரிலிருந்த கொக்கி பெயர்ந்திருந்தது. கராம்பு காயும் பாயருகே நின்ற மின்ஹாவை நோக்கி நாய் நடந்துகொண்டிருந்தது. அது அவள் கையை முகர்ந்தது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பித் தன் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மகளை ரிப்காவிடம் கொடுத்துவிட்டு, செல்லச்சாமிக்குப் போன் எடுத்தார்.

"அது கடிக்காதுங்க மொதலாளி. கழுத்துப் பட்டய தளத்தி விட்டீங்கல்ல?"

"என்ன பட்டய?"

"வளர்ற புள்ளைங்க அது. மாசம் ஒரு ஓட்ட தளத்தணும். நா சொல்லாம வந்துட்டேனுங்களா?"

ரிப்காவையும் மகளையும் மடவளையிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வைத்தியருக்குப் போன் எடுத்து அந்த ஊசி வேண்டாம், கழுத்துப் புண்ணுக்கு மருந்து கொண்டு வாருங்கள் என்றார். பிறகு கத்தரிக்கோலோடும் உப்புப் போட்ட வெந்நீரோடும் களஞ்சியத்துக்குப் போனார்.

நாயின் கழுத்து மயிரை விலக்கியபோது தோல்பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. விரல் பட்டதும் பற்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. அழுத்தவில்லை. மஹ்ரூப் பிஸ்மி சொல்லிப் பட்டையை வெட்டினார். ஒரு பிள்ளையை முழுதாகத் திருப்பித் தந்ததற்கு இது ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். பற்கள் மெல்ல விலகின. அது அவர் கையை நக்கியது. அவர் கையை எடுக்காமல், இன்னொரு கையால் புண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.