நான் இருவரும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். எனக்கென்று ஓர் இணையதளம் தொடங்க உட்கார்ந்தேன். 'என்னைப் பற்றி' என்ற பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. 'நான் பிறந்தது' என்று எழுதினேன். பிறக்காமல் யார் இணையதளம் தொடங்குவார்கள் என்று அழித்தேன். 'நான் கடந்து வந்த பாதை' என்று எழுதிப் பார்த்தேன். தேர்தலில் நிற்கிறவன் மாதிரி இருந்தது. மூன்று வாரம் இப்படியே போனதும், கற்பனையில் ஒருவரை உண்டாக்கி அந்த வேலையை அவர் தலையில் கட்டினேன். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது அறுபது. போன மாதம்தான் ஓய்வு பெற்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: முப்பத்தோரு வருடம் ஊரையே மேலே ஏற்றிவிட்ட மனிதர் ஒரு நாள்—

வேண்டாம். இந்த நகைச்சுவையை அவரிடம் சொல்லாத ஆளே கிடையாது.

இரண்டாம் முயற்சி: காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் மகளின் மடிக்கணினி. அவள் தட்டச்சு செய்யத் தயாராக இருந்தாள். மெக்கானிக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். எதிரே அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் ரிப்பேர் பாத்தவருக்கு எதுக்கு இணையதளம்? யாரு பாக்கப் போறா?"

"அடுக்குமாடியில இருக்கறவங்க பாப்பாங்க, சந்தேகம் கேப்பாங்க. நானும் வீட்ல சும்மா உக்காந்து உன் உயிரை வாங்காம இருப்பேன்."

"அடியே, சீக்கிரம் ஆரம்பிச்சுக் குடுத்துடு," என்றார் மனைவி, மகளிடம்.

சரி, இதையே வைத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

3

நோட்டில் ஒரு இடத்தில்கூட 'நான்' இல்லை. எல்லாம் 'நாங்கள்'. 'நாங்கள் வேலைக்குச் சேர்ந்தோம். நாங்கள் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.'

லிஃப்ட் வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. மொட்டை மாடியில் மோட்டார் அறையில் ஒருவர், அடியில் பள்ளத்தில் ஒருவர். இவர் எப்போதும் மேலே. அதனால் கம்பெனியில் இவர் பெயர் மேல்மாடி. கூட்டாளி எப்போதும் கீழே. அவர் பெயர் பள்ளம். மேலே இருப்பவருக்கு லிஃப்ட் கண்ணில் படாது. லிஃப்ட் மாடித் தரைக்குச் சமமாக வர இன்னும் எத்தனை விரல் இடைவெளி என்று, கம்பிவடம் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழிருந்து வரும் குரல்தான் கணக்கு. "நாலு விரல்! ரெண்டு விரல்! போதும்!"*

(*பள்ளத்தின் விரல்கள் தடிமன். அவருடைய இரண்டு விரல் மற்றவர்களுக்கு மூன்று. இது மேல்மாடிக்கு மட்டும் தெரியும்.)

ஒருமுறை எட்டுப் பேருக்கான லிஃப்டில் பதினொரு பேர் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டார்கள். இவர் மேலே கையால் சக்கரத்தைச் சுற்ற, அவர் கீழே நின்று விரல் கணக்குச் சொல்ல, பதினொரு பேரும் பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள். கம்பெனி மேடை போட்டு ஒரு கேடயம் கொடுத்தது. அதில் மேல்மாடியின் பெயர் மட்டும்தான் இருந்தது.

மேல்மாடி அதை வாங்கிக்கொண்டார். பள்ளம் கை தட்டினார். அடுத்த மாதமே வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நாலு வருடமாகப் பேச்சு இல்லை.

4

இங்கேதான் இவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மேடையில் ஏன் வாயைத் திறக்கவில்லை? இவருக்காக இரண்டு சாக்கு எழுதினேன். 'மைக் வேலை செய்யவில்லை, ஆகவே' — சே. 'மேலதிகாரி அவசரப்படுத்தியதால்' — போதும். இரண்டையும் அடித்துவிட்டு உண்மையை எழுதுகிறேன்: ஆசைப்பட்டார். தன் பெயர் தனியாக எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பார்த்தார். அன்றிலிருந்து வெட்கமாக இருக்கிறது.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது.

"அப்பா, இது உங்க பக்கம். 'நாங்கள்'னா யாருன்னு படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? 'நான்'னு போடுங்க."

"அப்படி எழுத வரலம்மா."

"நான் மாத்திக்கறேன்."

எல்லா 'நாங்கள்' வந்த இடத்திலும் 'நான்' போடும்படி கணினிக்கு ஒரே கட்டளை. தமிழில் சொல்லின் வால் வாக்கியத்தின் கடைசியில் ஆடிக்கொண்டிருக்கும் என்பது கணினிக்கு எங்கே தெரியும்? அவளும் அவசரத்தில் பார்க்கவில்லை. தளத்தைத் திறந்துவிட்டு, அப்பாவின் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பினாள். 'பள்ளம்' என்று சேமித்திருந்த எண்ணுக்கும்தான்.

5

மத்தியானம் அழைப்பு வந்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் மேல்மாடி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏண்டா, உனக்குத் தமிழ் மறந்துபோச்சா, இல்ல பேருக்கேத்த மாதிரி மேல்மாடியே காலியா?"

"என்னடா... என்ன ஆச்சு?"

"'நான் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.' 'நான் மேலே சக்கரம் சுற்றினோம், நான் கீழே நின்று விரல் கணக்குச் சொன்னோம்.' எத்தனை பேருடா நீ?"

மேல்மாடிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் 'நாங்கள்'னுதான்டா எழுதினேன். பொண்ணு மாத்திட்டா."

பள்ளத்தின் குரல் தணிந்தது.

"நாங்கன்னா யாரு?"

"நாமதாண்டா."

(தமிழை நினைத்து நான் சந்தோஷப்பட்ட இடம் இது. கேட்கிறவரைச் சேர்க்காத சொல் ஒன்று, சேர்த்துக்கொள்ளும் சொல் ஒன்று. நாலு வருடத்தை மேல்மாடி ஒரே சொல்லில் தாண்டிவிட்டார்.)

"அந்தக் கேடயத்தை அன்னைக்கே உன் கையில குடுத்திருக்கணும். ஆசைடா. வேற ஒண்ணும் இல்ல."

"கேடயம் எனக்கு எதுக்கு? நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன்."

6

முடிவுக்கு வந்துவிட்டேன், ஆனால் முடிக்க மாட்டேன்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் முகம் சிவக்க மடிக்கணினியைத் திறந்தாள். "அப்பா, சாரிப்பா. இப்பவே சரி பண்ணிடறேன். எதை மாத்தணும்? முன்னாடி இருக்கற 'நான்'ஐயா, பின்னாடி இருக்கற 'ஓம்'ஐயா?"

"ஒண்ணும் மாத்தாதம்மா, படிக்க நல்லாத்தான் இருக்கு," என்றது தொலைபேசி.

'நாங்கள்' என்று திரும்பப் போட்டால் இலக்கணம் சரியாகிவிடும். 'நாம்' என்று போட்டால், படிக்கிற அடுக்குமாடிக்காரர்கள் தாங்கள் எப்போது சக்கரம் சுற்றினோம் என்று திகைப்பார்கள். 'நான்' என்றே விட்டால் ஊர் சிரிக்கும். மேல்மாடி திரையைத் தொட்டு ஒன்றைக் காட்டினார். எதை என்று நான் எழுதப் போவதில்லை. வாக்கியம் மட்டும் தருகிறேன்:

'_____ பதினொரு பேரையும் வெளியே கொண்டுவந்தோம்.'

முதல் சொல்லை நீங்கள் போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளம் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.