டிப்போ சுவரோரக் கீரை

அக்காவின் சமையலறை மேடையில் பருப்புக்கீரை குவிந்து கிடந்தது. தடித்த குட்டி இலைகள், சிவந்த தண்டுகள்.

"எங்கக்கா பறிச்ச?" என்றான் தம்பி.

"பஸ் டிப்போ பின்சுவரோரம். எப்பவும் அங்கதான். உங்க மாமா வயித்துப் புண்ணுக்கு இதுதான் கேக்குது. இல்லேன்னா மருந்துக்கடைக்காரர் நம்ம காசுலயே மாடி கட்டியிருப்பார்."

தம்பி ஒரு தண்டை எடுத்துப் பார்த்தான். டிப்போவில் களைக்கொல்லி அடிப்பவனே அவன்தான். நேற்று அந்தச் சுவரோரம் அடித்தான். அடித்த இடத்தில் எச்சரிக்கைக்குச் சிவப்புக் கொடி நட வேண்டும், மூன்று நாள் கழித்துப் போய் அதைப் பிடுங்க வேண்டும். அங்கே யார் வரப்போகிறார்கள் என்று நடவில்லை. மற்ற களைகள் மறுநாளே சுருண்டிருக்கும். நீர் கோத்த இந்த இலை மட்டும் இன்னும் பளபளத்தது.

ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கொடி நடாதது தெரிந்தால் வேலை போகும். மேலாளரிடம் கெஞ்சி அதை வாங்கித் தந்தவர் மாமா.

"தூக்கிப் போடுக்கா. அங்க நாய்ங்க அசிங்கம் பண்ணுது."

"மூணு தண்ணி அலசிட்டேன். துரைக்கு என்ன திடீர்னு சுத்தம்? போய் வேலையப் பாரு."

அலசினால் போகாது. இலைக்குள் இறங்கியிருக்கும். தெரிந்தும் போனான்.

மதியம் மனசு கேட்காமல் போன் போட்டான்.

"இப்பதான் சாப்பிட்டு முடிச்சார். ஏன்டா?"

"சும்மாதான்க்கா."

நாலு மணிக்கு மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாந்தி நிற்கவில்லை. டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும் அக்கா உடைந்துவிட்டாள்.

"வெறும் கீரை டாக்டர். பதினஞ்சு வருஷமா நான்தான் பறிக்கிறேன். பால் வர்ற விஷச்செடி ஒண்ணு இதே மாதிரி தரையோட படர்ந்திருக்கும். கண்ணு மங்கி அதையும் சேர்த்துப் பறிச்சிட்டேன் போல. என் கையாலயே..."

பேசாமல் நின்றால் பழி அவளோடு போய்விடும். மாமாவின் உயிரும் போய்விடலாம்.

"செடி சரியான செடிதான் டாக்டர்" என்றான். களைக்கொல்லியின் பெயரைச் சொன்னான். அடித்தது தான்தான் என்பதையும் சொன்னான்.

டாக்டர் உள்ளே ஓடினார். ஏழு மணிக்கு வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார் என்றார். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"காலைல கீரையப் பாத்தப்பவே தெரியுமா?"

தலையாட்டினான்.

"போன் பண்ணப்பவும்?"

அதற்கும் தலையாட்டினான்.

"டாக்டர்கிட்ட நான் என் கண்ணையே திட்டிட்டு நின்னேன். பாத்துட்டுத்தானே இருந்த?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் தன் பையை வைத்தாள்.