பூனைக்குப் போட்ட குல்லா

அஞ்சலகத்தில் வேலை பார்ப்பதால் தெருவுக்கே அவள் தபாலக்கா. அவளுடைய மகள் ஏழாம் மாதமே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் எலிக்குஞ்சு போலக் கிடந்தவளின் தலையில், முகம் தெரியாத யாரோ பின்னிக் கொடுத்த குல்லாவை நர்ஸ் மாட்டிவிட்டாள். மகள் இப்போது அம்மாவிடம் வாய்க்கு வாய் பேசுமளவு வளர்ந்தாயிற்று. தபாலக்கா மட்டும் கம்பளி நூலைக் கீழே வைக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்காகப் பின்னிக்கொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரி வழியாத்தானே போறேன், நானே குடுத்துடுறேன்" என்று அண்ணி வந்து பையோடு வாங்கிப் போவாள்.

"நேத்து ஒரு பாப்பாவுக்குப் போட்டாங்க. என்னமா சிரிச்சுது தெரியுமா!"

அதைக் கேட்டுத் தபாலக்காவுக்குக் கண் கலங்கும். கண்ணே திறக்காத குழந்தை எப்படிச் சிரிக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிப்போன ஆலைக் கொட்டகையில் நடக்கும் கைவினைச் சந்தைக்கு மகள் அவளை இழுத்துப் போனாள். சணல் கயிறு சுற்றிய சோப்பு, ஜாம் பாட்டிலில் மெழுகுவத்தி, பட்டப்பகலில் எரியும் சீரியல் பல்பு. ஒரு கடையில் மட்டும் கூட்டம் மொய்த்தது. எட்டிப் பார்த்தாள். பஞ்சு பொம்மைப் பூனை ஒன்று அவள் பின்னிய மஞ்சள் குல்லாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குல்லாவில் கத்தரியால் வெட்டிய இரண்டு ஓட்டை வழியே காது நீட்டிக்கொண்டிருந்தது. 'பூனைக் குல்லா. என் கையால் பின்னியது' என்றது பலகை. பலகைக்குப் பின்னால் அண்ணி.

"என்ன அண்ணி இது?"

அண்ணியின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். "ஆஸ்பத்திரில வேணாம்னுட்டாங்கம்மா. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

"ஓட்டை போட்டிருக்கீங்க."

"காது வெளிய தெரிஞ்சாத்தானே அழகு?"

தபாலக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "சிரிச்சுதுன்னீங்களே, எந்தப் பாப்பா சிரிச்சுது? இந்தப் பூனையா? எனக்கே குல்லா போட்டுட்டீங்களே!"

"கத்தாத, கஸ்டமர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்!"

மேசையில் இருந்ததை எல்லாம் வழித்துப் பையில் போட்டாள். ஒருவன் கையில் ஒன்றைப் பிடித்தபடி, "மேடம், இது நான் எடுத்தது" என்றான்.

"உங்க பூனை வெறுந்தலையோட திரியட்டும் தம்பி, சளி பிடிக்காது" என்று அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் பின்னாலேயே ஓடினாள். குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒரு குல்லாவை விரலில் மாட்டிப் பார்த்தாள். "வேணாம்னு யார் சொன்னா? யாரும் கொண்டே வரலியே. நல்லாத் துவைச்சுக் குடுங்க, வாங்கிக்கறோம். ஓட்டை போட்டது மட்டும் ஆகாது."

அண்ணி சொன்ன அந்த ஒரு சமாதானமும் பொய்.

சாயங்காலம் ஓட்டைக் குல்லாக்களைப் பிரிக்க உட்கார்ந்தாள். வெட்டுப்பட்ட நூல் துண்டு துண்டாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான்.

"நாலு பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே. அவ அழுதுட்டே இருக்கா. ஒரு சாரி சொல்லிடேன்."

"அண்ணா, உன் மேல எனக்குக் கோபம் இல்ல" என்றாள் தபாலக்கா. "போனை வெச்சுடு. இன்னும் பேசினா வந்துடப் போகுது."