வாசித்து விளக்கப்பட்டது

பாதை கிழக்கே கிடக்கிற எழுவான்கரையை விட்டு மெல்ல விலகியது. வாவியைக் கடக்கிற அந்த அகன்ற இரும்பு மிதவையை அங்குள்ளவர்கள் பாதை என்றுதான் சொல்வார்கள். அன்று அதில் ஓர் உழவு இயந்திரமும், அதன் பெட்டி நிறைய மஞ்சள் பூசிய சீமெந்துத் தூண்களும், நான்கு கூலியாட்களும், பக்கத்து ஊர்களுக்குப் போகிற சில பேரும் இருந்தார்கள். சுதாகரன் தூண்களில் சாய்ந்து நின்றான். கையில் ஒரு கோப்பு, கோப்புக்குள் ஒரேயொரு தாள். எதிரே, மேற்கே, படுவான்கரையில் வாவியை ஒட்டிக் கிடக்கிற ஒரு வட்டை, நூற்றுப் பத்து ஏக்கர் வயல், இனிமேல் அரசாங்கத் திணைக்களத்துக்குச் சொந்தம். எல்லைத் தூணுக்குள் எவரும் விதைக்கக்கூடாது. சிங்களத்தில் இருந்த அந்தக் கட்டளையை வயற்காரர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வது அவன் வேலை. முன்மாரி விதைப்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

பக்கத்தில் நின்ற திணைக்கள அதிகாரிக்கு முப்பது வயது இருக்கலாம். குருநாகல் ஆள், மாற்றலாகி வந்து நான்கு மாதம். கெட்டவர் இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த கொக்கிஸ் பலகாரத்தில் பாதியைச் சுதாகரனுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். வெயிலும் நீரும் ஒன்றாகக் கலந்து, எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வெளுத்துக் கிடந்தது.

இருபத்தாறு வருடமாகச் சுதாகரன் மொழிபெயர்ப்பாளன். அவனுடைய மேசை பழைய கோட்டைக்குள் இருந்த ஓர் அலுவலகத்தில், தடித்த சுவரோரம் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சுவரின் குளிர்ச்சியில் கண் சொக்கும்போது, தனக்கு முன்னால் அதே மூலையில் இருந்தவர்கள் வருவார்கள். பறங்கிக்கும் ஒல்லாந்தனுக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் வாயாக இருந்தவர்கள். முகம் தெரியாது, உதடு அசைவது மட்டும் தெரியும். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போனார்கள். உதடுகள் மிஞ்சி, அடுத்து வந்தவனின் சொல்லை அசைத்துக்கொண்டிருந்தன. திடுக்கிட்டு விழித்தால் எதிரில் யாராவது ஒரு கடிதத்தை நீட்டியபடி நிற்பார்கள். கடிதம் என்ன சொல்கிறது என்பதை அவனுடைய முகத்தில்தான் முதலில் தேடுவார்கள்.

வட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேரளவில் வரம்பில் இருந்தார்கள். வட்டை விதானை வினாயகமூர்த்தி, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிறவர், எழுந்து வந்து அதிகாரியைக் கும்பிட்டார். மற்றவர்கள் எழும்பவில்லை. சுதாகரன் தாளை விரித்து, தனக்குப் பழக்கமான அந்தக் குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசித்தான்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். அவள் பெயர் சின்னத்தங்கம் என்றும், அந்த வட்டையில் நான்கு ஏக்கர் செய்கிறாள் என்றும் விதானையார் சொன்னார்.

"மனே, ஒள்ளுப்பம் நில்லு. நீ அந்தச் சந்திச் சென்றியில நிண்ட பொடியன்தானே?"

சென்றி என்கிற அந்தக் காவலரணில் நின்றபோது சுதாகரனுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் பொலன்னறுவையில் அரிசி ஆலையில் வேலை செய்ததால் சிங்களம் படிக்காமலே வந்திருந்தது. ராணுவத்துக்கு அது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காலையில் வந்து கூட்டிப்போவார்கள், பொழுதுபடக் கொண்டுவந்து விடுவார்கள். சந்தியில், மண்மூட்டைக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவரிடம் ராணுவக்காரன் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றான்.

"ஓம் அக்கா," என்றான்.

"முகம் மறந்து போச்சு. குரல் மறக்கல்ல. சைக்கிளால இறங்கி நட எண்டு சொல்லுவாய்."

"அவங்க சொன்னதைத்தான் நான் சொன்னன்."

"அது தெரியும். அவனுகள் சொன்னது எனக்கு விளங்கல்லயே மனே. நீ சொன்னதுதான் விளங்கினது." அவள் குரலில் கோபம் இல்லை. ஏதோ காணாமல் போன சாமானைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். "சென்றிய எடுத்துப் பதினஞ்சு வருசமாப் போச்சு. அவடத்த இப்ப வாழைக்கடை இரிக்கி. ஆனா கிட்ட வந்தா கால் தன்பாட்டில இறங்குது. இண்டைக்கும் இறங்கி நடந்துதான் வந்தன்."

"நானும்தான்," என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். யாரோ வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

"மறுகா, இப்ப எதால இறங்கச் சொல்றாய்? வயலாலயா?"

அதிகாரி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சுதாகரன் ஒரு சொல்லையும் விடாமல் சிங்களத்தில் சொன்னான். இறங்கி நட என்று சொன்ன குரல் தன்னுடையது என்பதையும் சொன்னான். அந்த மொழியில் அதை அவன் ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதிகாரி தாழ்ந்த குரலில், தூண்களை இறக்கச் சொல்லுங்கள் என்றார்.

சுதாகரன் உழவு இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். "தூணுகள இறக்கட்டாம்," என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அந்த 'ஆம்' அவன் வாயில் வந்ததே இல்லை. இறங்கு என்றான், நில் என்றான், கையொப்பம் வை என்றான். இறங்கட்டாம், நிற்கட்டாம் என்று சொல்லியிருந்தால், இது என் சொல் இல்லை என்றாவது அந்தச் சனத்துக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன, அன்றைக்குத் துவக்கு இருந்தது. ஆனால் துவக்குப் போய்ப் பதினைந்து வருடம் கழித்தும் இறங்குகிற கால்?

இயந்திரம் ஓட்டி வந்த உதயரூபன் அந்த ஊர்க்காரன். அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, வரம்பில் போய் இருந்தான். "எனக்கு இடுப்பு நோகுது," என்றான், யாரையும் பார்க்காமல். கூலியாட்கள் நால்வரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவன் பீடி பற்ற வைத்தான். மற்றவர்களும் மருத மரத்தின் நிழலுக்குப் போனார்கள். எவரும் சத்தம் போடவில்லை. அதிகாரி தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்து பார்த்தார், சிக்னல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் எழும்பிப் போய் வரம்புப் புல்லைச் செருக்கி எடுக்கத் தொடங்கினார்கள். மண்வெட்டிகள் ஏறி இறங்குவது வெக்கையில் நெளிந்து, நீருக்கடியில் நடப்பது போலத் தெரிந்தது.

"சேர், தேத்தண்ணி குடிங்க," என்று விதானையார் கோப்பையை நீட்டினார். அதிகாரி வாங்கிக் குடித்தார்.

பின்னேரம் உதயரூபன் இயந்திரத்தைக் கிளப்ப, தூண்களோடே திரும்பினார்கள். பாதையில் ஏறியதும் அதிகாரி கோப்பைச் சுதாகரனிடமிருந்து வாங்கித் திறந்து பேனாவை நீட்டினார். தாளின் அடியில், 'வாசித்து விளக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே மொழிபெயர்ப்பாளனின் கையொப்பத்துக்கு இடம் இருந்தது. அது விழுந்துவிட்டால் வயற்காரர்கள் கட்டளையை அறிந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அடுத்த கிழமை விதைத்தால் குற்றவாளிகள். பொலிசும் நீதிமன்றமும் அந்த ஒரு கையொப்பத்தில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும்.

சுதாகரனுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. மகள் கம்சாயினி கம்பசில் இரண்டாம் வருடம். அவன் பேனாவை வாங்கினான். அதன் மூடியைக் கழற்றினான். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு அவரிடமே கொடுத்தான்.

"வாசித்தது உண்மை. விளக்கினேன் என்று என்னால் எழுத ஏலாது, சேர்."

"வேறு ஆளை அனுப்புவார்கள்."

"அனுப்புவார்கள்."

"உங்களையும் எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள்."

சுதாகரன் தலையாட்டினான். அதிகாரிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சப்பாத்துகளைக் கழற்றி, கோப்பு காற்றில் பறக்காமல் அதன்மேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு விளிம்பில் இருந்தார்.

நடு வாவியில் பாதையின் இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றுபோனது. பாதைக்காரன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நீண்ட கழியை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினான். கழி கைப்பிடி வரை போயும் அடி தட்டவில்லை. இரண்டு கரைகளும் ஒரே தூரத்தில், ஒரே நிறத்தில் கிடந்தன. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதிகாரி கேட்டார். சுதாகரன் குனிந்து பார்த்தான். ஓட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போது மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடித் திட்டு ஒன்று, நடுவில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்க, அவசரமே இல்லாமல் அவர்களைக் கடந்து போனது.