நடுவில் ஒரு கட்டம்

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம், என் அண்ணன் ஜவுபர் காக்கா பேராதனை கம்பஸிலிருந்து எழுதவேண்டிய ஒரு கட்டுரையோடு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தார். அவர் படித்தது புவிச்சரிதவியல். மண்ணுக்கும் கல்லுக்கும் வயது சொல்கிற படிப்பு என்று வாப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். இந்தக் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தால்தான் காக்காவுக்கு விசேட பட்ட வகுப்பில் இடம்.

எங்கள் ஊர் நிலத்தைக் கடலிலிருந்து வயல் வரைக்கும் வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். கட்டுரை இங்கிலீசில். எனக்கு அது தெரியாது. எட்டாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். ஆனால் கோடு நேராக இழுப்பேன் என்பதால் படம் என் பொறுப்பானது. மூன்று நீளக் கட்டங்கள். மணலுக்குப் புள்ளி, களிமண்ணுக்குக் குறுக்குக் கோடு, சிப்பிக்குச் சின்னப் பிறை. கடற்கரைக் கட்டத்துக்குப் புதிதாகத் தோண்டிய ஒரு கிணறு கிடைத்தது. வயல் கட்டத்தை வாய்க்கால் வெட்டிய இடத்தில் எடுத்தார். நடுக்கட்டம்தான் கிடைக்கவில்லை. நடுவில் முழுக்க வீடுகள். வெறும் நிலம் என்றால் மையித்துகளை அடக்கும் மையவாடி மட்டும்தான். அங்கே படிப்புக்காகக் குழி வெட்ட யார் விடுவார்கள்? கபுறுக்குழி வெட்டும்போது பார்த்தால்தான் உண்டு.

ஆகவே காக்கா ஜனாஸா அடக்கங்களுக்குப் போகத் தொடங்கினார். கையில் அளவு கீறிய ஒரு கம்பு. முதல் தடவை ஆட்கள் சூழ்ந்து நின்றதில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தடவை மழை பெய்து குழியின் சுவர் சரிந்தது. பிறகு, தெரியாத வீட்டு மையித்துக்கும் போனார். பள்ளிவாசல் மரைக்கார் சீனிமுகம்மது கடைக்கே வந்து வாப்பாவிடம் மெச்சிச் சொன்னாராம்:

"கம்பஸுக்குப் போற புள்ளையள் தொப்பியையும் மறந்துட்டுத்தான் வாறானுகள். ஒங்கட மகன் ஒரு மையித்தையும் உடுறானில்ல."

வாப்பா அன்றைக்கு இறைச்சி வாங்கிவந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, குசினிக்குள் போய்விட்டேன்.

விடுமுறை முடியப் போகிற நேரம். சோற்றைப் பிசைந்தபடி காக்கா, ஊரில் யாருக்காவது நோய், வருத்தம் கடுமையா என்று கேட்டார்.

"ஏன்டா, ஆரு மௌத்தாகுவாங்க எண்டு பாத்துக்கிட்டா இரிக்காய்?" என்றார் உம்மா.



அந்தக் கிழமையே உம்மாவின் தம்பி மீராமுகைதீன் மாமா மௌத்தானார். காலையில் மீன் ஏலத்துக்குப் போனவர் கடற்கரையிலேயே விழுந்துவிட்டார். காக்கா முதல்முதல் கம்பஸுக்குப் போனபோது பெட்டியைத் தலையில் சுமந்து பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கபுறுக்குள் இறங்கி மையித்தை வாங்கி வைக்கக் காக்காவைக் கூப்பிட்டார்கள். பெண்கள் நாங்கள் மாமா வீட்டில் இருந்தோம்.

காக்கா உடுத்திருந்த சாரமெல்லாம் மணலோடு திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் கம்பு கதவுக்குப் பின்னால் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவர் பஸ் ஏறுவதற்கு முதல் நாள் படத்தை முடிக்க வேண்டியிருந்தது. நடுக்கட்டத்துக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

"சும்மா உடு."

"காணலியா காக்கா?"

"கண்டன். வடிவாத் தெரிஞ்சிச்சி. மாமாட தலைமாட்டுக்கு நேராத்தான் அந்தக் கறுப்புக் களி இரிந்திச்சி. கையால தொட்டும் பாத்தன்."

"அப்ப சொல்லுங்களன், நான் கீறுறன்."

அவர் பேனையை மூடினார்.

"மாமாவ வைக்கக்குள்ள நான் அதத்தான் பாத்துக்கிட்டு இரிந்தன், றாஹிலா. அத எழுதிப் புள்ளி எடுக்க என்னால ஏலா."

நடுக்கட்டத்துக்கு நாலு பக்கமும் கோடு இழுத்து, உள்ளே ஒன்றும் போடாமல் விட்டேன்.

கட்டுரை திருத்தப்பட்டு வந்தபோது அந்தக் கட்டத்துக்குள் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. விசேட வகுப்பு கிடைக்கவில்லை. பாடம் கஷ்டம் என்று காக்கா வாப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த விடுமுறையில் பள்ளிவாசலில் ஒரு ஜனாஸா அறிவித்தார்கள். வாப்பா காக்காவைப் பார்த்தார். காக்கா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கம்பை உம்மா எப்போதோ கோழிக்கூட்டுக்கு வைத்துக் கட்டிவிட்டிருந்தார். காக்கா அதைத் தேடவில்லை.